எட்வர்ட் எவரெட் ஹார்ட்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹாலிவுட் நகைச்சுவைப் படங்களைப் பார்க்கத் தொடங்கியவர்கள் கொஞ்ச நாளிலேயே "படத்துக்குப் படம் வருகிறாரே, இந்தப் பதற்றக்காரர் யார்?" என்று கேட்பார்கள். அதையொட்டி அடுத்தடுத்து வரும் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்து விடை தந்திருக்கிறோம். சில விடைகளில் கதையின் திருப்பங்கள் வெளிப்படும். படம் பார்க்காதவர்கள் முதலில் 6-ஆம் கேள்விக்குப் போய்விடலாம்.

1. யாருங்க இவர்? பெயரே கேள்விப்பட்ட மாதிரி இல்லையே?

பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரிந்திருக்கும். ஒல்லியான உயரமான உடம்பு, நீண்ட முகம், பேச்சின் பாதியில் தடுமாறி இழுபடும் குரல். நாயகனின் நண்பராக, வக்கீலாக, பேராசிரியராக வந்து எல்லாவற்றுக்கும் கவலைப்படுபவர். ஃப்ரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் ஆடும் படங்களில் மூன்றில் இருக்கிறார்: 'தி கே டிவோர்ஸி' (1934), 'டாப் ஹேட்' (1935), 'ஷால் வி டான்ஸ்' (1937).

1886 மார்ச் 18 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். இருபது வயதில் மேடை ஏறினார். 1919-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து நாடகங்களில் நடித்தார், 1922 முதல் சினிமா. 1970 செப்டம்பர் 29 அன்று 84 வயதில் இறக்கும்வரை வேலையை விடவே இல்லை. மௌனப்படம், பேசும்படம், வானொலி, தொலைக்காட்சி, கார்ட்டூன் குரல் எல்லாவற்றிலும் அவர் உண்டு. படங்கள் மட்டுமே நூறுக்கும் மேல்.

2. கடைசிவரை துணை வேஷம்தானா? ஹீரோவா நடிச்சதே இல்லையா?

நடித்திருக்கிறார், அதுவும் நிறைய. மௌனப்பட காலத்தில் அவர் கதாநாயகன்தான். 1923-இல் வந்த 'ரகிள்ஸ் ஆஃப் ரெட் கேப்' படத்தில் பட்லர் ரகிள்ஸ் அவர்தான். (1935-இல் சார்ல்ஸ் லாட்டன் நடித்துப் புகழ்பெற்றது அதே கதையின் பிற்காலப் படம்.) 1925-இல் 'பெக்கர் ஆன் ஹார்ஸ்பேக்' படத்திலும் அவரே நாயகன். 1920-களின் கடைசியில் ஹரால்ட் லாய்டின் நிறுவனம் அவரை நாயகனாக வைத்துக் குறும்படங்கள் எடுத்தது. பேசும்படத்திலும் 1931-இல் 'லோன்லி வைவ்ஸ்' என்ற படத்தில் இரட்டை வேடம் போட்டார். 1930-களில் இங்கிலாந்துக்குப் போய் அங்கேயும் முதன்மை வேடங்களில் நடித்தார்.

இது பலருக்குத் தெரியாமல் போனதற்கு முக்கியக் காரணம், அந்தப் படங்கள் எளிதில் கிடைப்பதில்லை. 1923-ஆம் ஆண்டு 'ரகிள்ஸ்' படமும் அப்படித்தான். கைக்கு எட்டும் படங்களில் எல்லாம் அவர் இரண்டாம் வரிசையில் இருப்பதால், வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்தார் என்று நினைத்துவிடுகிறோம். நாம் இன்று கொண்டாடும் வேடங்கள் அவர் நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு வந்தவை. 'டாப் ஹேட்' வந்தபோது அவருக்கு 49 வயது.

3. 'டாப் ஹேட்'ல அந்த பட்லர்தானே இவர்?

இல்லை. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். பட்லர் பேட்ஸாக நடித்தவர் எரிக் ப்ளோர், லண்டனில் பிறந்த ஆங்கிலேயர். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, மரியாதையான வார்த்தைகளுக்குள் அவமதிப்பை ஒளித்துவைத்துப் பேசுவார். ஹார்ட்டன் அந்தப் படத்தில் பேட்ஸின் எஜமானர் ஹொரேஸ் ஹார்ட்விக். டை விஷயத்தில் வந்த தகராறில் எஜமானரும் வேலைக்காரரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத நிலையில் படம் தொடங்குகிறது. அந்த வீட்டில் அதிகாரம் யார் கையில் என்பது உடனே புரிந்துவிடும்.

குழப்பத்துக்குள் வரும் மூன்றாவது ஆள் ஃப்ராங்க்ளின் பாங்போர்ன். ஹோட்டல் மேலாளராகவோ கடைச் சிப்பந்தியாகவோ வந்து, விதிமுறை மீறப்பட்டதென்று கொதிப்பார். பிரித்தறிய ஒரு வழி: ப்ளோர் அடுத்தவரை மட்டம்தட்டுவார், பாங்போர்ன் அடுத்தவர்மேல் எரிந்துவிழுவார், ஹார்ட்டன் அடுத்தவரோடு ஒத்துப்போக முயன்று மாட்டிக்கொள்வார்.

4. 'டபுள் டேக்'னு சொல்றாங்களே, அது என்ன? அவர் செய்றதுல என்ன விசேஷம்?

ஒரு செய்தியைக் கேட்டதும் சாதாரணமாக எடுத்துக்கொண்டு, சற்றுப் பொறுத்து அதன் பொருள் உறைத்ததும் திடுக்கிட்டுத் திரும்புவதுதான் டபுள் டேக். மௌனப்படக் கோமாளிகள் எல்லோரும் செய்ததுதான். பெரும்பாலானவர்கள் அதைக் கழுத்தால் செய்தார்கள்: ஒரு பார்வை, திரும்பல், மறுபடி வெடுக்கென்று ஒரு பார்வை.

ஹார்ட்டன் அதை முகத்தால் செய்தார். அதில் நான்கு கட்டங்கள் உண்டு. முதலில் எதிரில் இருப்பவர் சொன்னதற்குப் புன்னகையோடு தலையாட்டுவார். பிறகு, புரிந்துவிட்ட நிறைவோடு பார்வையை வேறு பக்கம் திருப்புவார், சில சமயம் இரண்டடி நடக்கவும் செய்வார். மூன்றாவது கட்டம்தான் உயிர்: புன்னகை உதட்டில் அப்படியே இருக்கும், கண் மட்டும் நின்றுவிடும். கடைசியில் புன்னகை மேலிருந்து கீழாக உதிர்ந்து முகம் மொத்தமும் தொங்கிப்போகும். மூன்றாவது கட்டத்தை எவ்வளவு நேரம் இழுக்கலாம் என்பதில்தான் அவர் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அவருக்குப் புரிவதற்கு முன்பே நமக்குப் புரிந்துவிடும். அவருக்கு எப்போது புரியும் என்று நாம் காத்திருக்கும் அந்த இடைவெளியில் சிரிப்பு சேர்ந்துகொண்டே போகும்.

இதற்குக் கேமரா வெட்டாமல் நிற்க வேண்டும். முதல் கட்டத்தையும் நான்காவதையும் தனித்தனி ஷாட்டாக எடுத்தால் இடையில் நடப்பது காணாமல் போய்விடும், வெறும் அதிர்ச்சிதான் மிஞ்சும். லூபிட்ச், மார்க் சான்ட்ரிச் போன்ற இயக்குநர்கள் அவரை இடுப்பளவு ஷாட்டில் இன்னொருவரோடு நிறுத்திவிட்டு விலகி நின்றார்கள். அவருடைய சாதாரணப் படங்களில் சில காட்சிகள் சப்பென்று போவதற்கு, தேவையில்லாத இடத்தில் விழுந்த வெட்டும் ஒரு காரணம்.

5. எல்லாப் படத்துலயும் ஒரே பதற்றம்தானே? இதுல நடிப்பு எங்கே?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஸ்டூடியோக்கள் அவரைக் கூப்பிட்டதே அந்தப் பதற்றத்துக்காகத்தான். ஆனால் பதற்றத்தின் காரணம் படத்துக்குப் படம் வேறு. லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கிய 'தி ஃப்ரண்ட் பேஜ்' (1931) படத்தில் நிருபர் பென்சிங்கராக வருகிறார். சுத்தம்தான் அவருக்கு எல்லாம், தன் மேஜையை யாரும் தொடக்கூடாது. 'ட்ரபிள் இன் பாரடைஸ்' (1932) படத்தின் ஃபிலிபாவுக்கு அடிபட்ட கௌரவம்தான் பிரச்சினை. 'ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டன்' (1941) படத்தில் மேலுலகத்தின் தூதர் எண் 7013: பணியில் புதியவர், செய்த தவறை ஒப்புக்கொள்ளத் தயங்குபவர். மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். குரலின் உயரமும் கை அசையும் விதமும் மாறுவது தெரியும். 'டிசைன் ஃபார் லிவிங்' (1933) படத்தின் மேக்ஸ் பிளங்கெட்டோ பதறவே மாட்டார். இறுக்கமும் தன்னம்பிக்கையும் உள்ள வியாபாரி அவர்.

6. முதல்ல எந்தப் படம் பார்க்கலாம்?

'ட்ரபிள் இன் பாரடைஸ்'. ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது, ஒரு காட்சியும் வீண் இல்லை. அடுத்து 'டாப் ஹேட்', பிறகு 'ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டன்'. இந்த மூன்றும் பிடித்தால் 'தி கே டிவோர்ஸி' பாருங்கள். அதில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பெட்டி கிரேபிளோடு ஒரு பாட்டுக்கு ஆடுகிறார். கிரேபிள் பெரிய நட்சத்திரம் ஆகாத காலம் அது. ஹார்ட்டனுக்கோ வயது 48. கால் தாளம் தப்பவில்லை.

'லாஸ்ட் ஹொரைசன்' (1937) படத்தில் தொடங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நல்ல படம்தான், ஆனால் அவரை அளவிட அது போதாது (9-ஆம் விடை).

7. அவரை எடுத்துட்டா கதை அப்படியேதானே இருக்கும்? சும்மா சிரிக்க வைக்கத்தானே வெச்சிருக்காங்க?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய சிறந்த படங்களில் நிலைமை நேர் எதிர்.

'டாப் ஹேட்' கதை ஓர் ஆள்மாறாட்டத்தில் நிற்கிறது. ஜிஞ்சர் ரோஜர்ஸ், அஸ்டேரைத் தன் தோழியின் கணவர் ஹொரேஸ் என்று நினைத்துவிடுகிறார். ஹோட்டலில் ஹொரேஸ் கையில் கைப்பெட்டியும் பிரம்பும் இருக்கின்றன. தொலைபேசி அழைப்பு வர, இரண்டையும் அஸ்டேரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த நேரம் பார்த்து, கைப்பெட்டியும் பிரம்பும் வைத்திருப்பவர்தான் ஹொரேஸ் என்று நாயகிக்கு அடையாளம் சொல்லப்பட, அவர் பார்ப்பது அஸ்டேரை. ஒரு கவனமில்லாத கைமாற்றம், மீதிப் படம் முழுக்க அதன் விளைவு. 'தி கே டிவோர்ஸி'யில் அவர் வக்கீல். விவாகரத்துக்குச் சாட்சியமாக ஒரு கள்ளக்காதலனை வாடகைக்கு ஏற்பாடு செய்கிறார், ஆனால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டிய துப்பறிவாளர்களை அமர்த்த மறந்துவிடுகிறார். 'ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டன்' படத்தில் விமானம் விழுவதற்கு முன்பே குத்துச்சண்டை வீரரின் உயிரை அவசரப்பட்டு எடுத்துவிடுகிறார். அவர் சாக வேண்டிய நாள் அது அல்ல. அந்தத் தவறு இல்லையென்றால் கதையே இல்லை.

'ட்ரபிள் இன் பாரடைஸ்' இதில் உச்சம். வெனிஸ் ஹோட்டலில் ஒரு திருடன் மருத்துவர் வேடத்தில் வந்து, தொண்டைச் சதையைப் பார்க்கிறேன் என்று ஃபிலிபாவை வாய் திறக்கச் சொல்லிப் பணப்பையோடு போய்விடுகிறான். மாதங்கள் கழித்துப் பாரிஸில் ஒரு சீமாட்டி வீட்டில் அதே ஆளைச் செயலாளராகச் சந்திக்கிறார் ஃபிலிபா. எங்கோ பார்த்த முகம், எங்கே என்றுதான் நினைவில்லை. வெனிஸ் படகு வடிவத்தில் இருக்கும் ஒரு சாம்பல் தட்டில் சிகரெட்டை நசுக்கும்போது அவர் பார்வை அதில் தங்குகிறது. திருடன் அகப்படுவானா என்ற பரபரப்பு முழுவதும் இந்த மனிதரின் மெதுவான நினைவில் தொங்குகிறது. 4-ஆம் விடையில் சொன்ன அந்தத் தாமதமான புரிதலை லூபிட்ச் இங்கே ஒரு படத்தின் நீளத்துக்கே இழுத்திருக்கிறார். லூபிட்ச் அவரை மொத்தம் ஐந்து படங்களில் பயன்படுத்தினார்: இதுவும் 'டிசைன் ஃபார் லிவிங்', 'தி மெர்ரி விடோ', 'ஏஞ்சல்', 'ப்ளூபியர்ட்ஸ் எய்ட்த் வைஃப்' ஆகியவையும்.

8. 'ஹாலிடே' 1930-னு ஒரு இடத்துல, 1938-னு இன்னொரு இடத்துல போட்டிருக்கு. எது சரி?

இரண்டும் சரி. ஒரே நாடகம் இரண்டு முறை படமானது. இரண்டிலும் நிக் பாட்டர் என்ற அதே வேடத்தில் ஹார்ட்டன்தான். 1930-இல் வந்ததில் ஆன் ஹார்டிங் நாயகி. கேரி கிராண்ட், கேத்ரின் ஹெப்பர்ன் நடித்து ஜார்ஜ் க்யூக்கர் இயக்கியது 1938-ஆம் ஆண்டுப் படம். வட்டு வாங்கும்போது ஆண்டைச் சரிபாருங்கள், கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பிந்தையது. எட்டு ஆண்டு இடைவெளியில் அதே வேடத்தை எப்படி அடக்கி நடித்திருக்கிறார் என்று பார்ப்பதற்காகவே இரண்டையும் தேடலாம். தூதர் 7013 வேடத்தையும் 1947-இல் 'டவுன் டு எர்த்' படத்தில் மறுபடி ஏற்றார்.

9. 'லாஸ்ட் ஹொரைசன்' பார்க்கும்போது நடுநடுவே படம் நின்னு ஃபோட்டோ வருது, குரல் மட்டும் கேட்குது. என் காப்பி கெட்டுப்போச்சா?

இல்லை. ஃப்ராங்க் காப்ராவின் இந்தப் படத்தை வெளியீட்டுக்குப் பிறகு பலமுறை வெட்டிச் சுருக்கினார்கள். பிற்காலத்தில் மீட்டெடுத்தபோது 132 நிமிட ஒலி முழுமையாகக் கிடைத்தது, காட்சியில் சில நிமிடங்கள் கிடைக்கவில்லை. அந்த இடங்களைப் படப்பிடிப்பு ஸ்டில்களால் நிரப்பினார்கள். உங்கள் பிரதியில் அவை இருந்தால் முழு நீள வடிவம் கையில் இருக்கிறது என்று பொருள். சுருக்கிய பிரதியை வாங்கிவிடாதீர்கள்.

இதில் ஹார்ட்டன் லவெட் என்ற தொல்லுயிர் ஆராய்ச்சியாளர். மூல நாவலில் இப்படியொரு பாத்திரம் இல்லை, படத்துக்காகச் சேர்த்தது. அதனால்தான் 7-இல் சொன்ன படங்களைப்போல் கதை இவர்மேல் நிற்கவில்லை. கதை நடக்கும் ஷாங்ரிலா என்ற கற்பனைப் பள்ளத்தாக்கில் பயந்து நடுங்கியவர் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே வேர்விடும் மாற்றத்தை மட்டும் கவனியுங்கள், அது அழகாக வந்திருக்கிறது.

10. மௌனப்பட நடிகர்கள் பலர் பேசும்படம் வந்ததும் காணாமல் போனாங்களே, இவர் எப்படி தப்பிச்சார்?

குரல் பழகிய குரல் என்பதால். இருபது ஆண்டு மேடை அனுபவத்தோடு ஒலிவாங்கி முன் வந்தவர் அவர். 1928-இல் வார்னர் பிரதர்ஸ் எடுத்த 'தி டெரர்', முழுக்கப் பேசும் படங்களில் உலகின் இரண்டாவது. அதிலேயே ஹார்ட்டன் இருக்கிறார். அந்தப் படத்தின் சுருள் இன்று இல்லை, ஒலித்தட்டுகள் மட்டும் தப்பியிருக்கின்றன.

மேடையை அவர் விடவும் இல்லை. 'ஸ்பிரிங்டைம் ஃபார் ஹென்றி' என்ற நாடகத்தில் ஹென்றியாகப் பல பத்தாண்டுகள் ஊர் ஊராகச் சுற்றி ஆயிரக்கணக்கான முறை நடித்தார், 1951-இல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயிலும். எந்த வசனத்துக்கு அடுத்து எத்தனை நொடி நிற்க வேண்டும் என்பதை இரவுக்கு இரவு கூட்டத்தின் முன் சரிபார்க்கும் வாய்ப்பு இது. ஸ்டூடியோவில் சிரிப்பொலி கேட்காது. அங்கே கணக்குத் தவறாமல் நிற்க மேடைதான் கைகொடுத்தது.

11. இவ்வளவு பெரிய நடிகருக்கு ஆஸ்கர் ஏன் கிடைக்கல?

பரிந்துரைகூட ஒருமுறையும் இல்லை. துணை நடிகருக்கான விருதே 1936-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. அதற்குள் அவருடைய மிகச்சிறந்த வேடங்கள் பல வந்து போய்விட்டன. பிறகும் கூடவே நடித்தவர்களுக்குத்தான் கிட்டியது: 'லாஸ்ட் ஹொரைசன்' படத்துக்காக எச்.பி. வார்னரும், 'ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டன்' படத்துக்காக ஜேம்ஸ் கிளீசனும் பரிந்துரைக்கப்பட்டார்கள். எளிதாகச் செய்வதுபோல் தோன்றும் நகைச்சுவைக்கு விருதுக் குழுக்கள் மதிப்புக் கொடுப்பது அரிது. ஹார்ட்டன் விஷயத்தில் அது அநியாயம்.

12. 'ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ்' 1944 படம். ஆனா எல்லாரும் இளமையா இருக்காங்களே?

எடுத்தது 1941-இல். பிராட்வேயில் நாடகம் ஓடி முடியும்வரை படத்தை வெளியிடக்கூடாது என்று ஒப்பந்தம். நாடகமோ ஓடிக்கொண்டே இருந்தது, படம் பெட்டிக்குள் காத்திருந்தது. ஹார்ட்டன் அதில் ஹாப்பி டேல் மனநல இல்லத்தின் தலைவர் விதர்ஸ்பூன். கடைசிப் பகுதியில்தான் வருவார், பொறுமையாகக் காத்திருங்கள்.

13. 1950-க்கு அப்புறம் என்ன ஆனார்? படங்களே அதிகம் இல்லையே?

தொலைக்காட்சிக்குப் போனார். 1952-இல் 'ஐ லவ் லூசி' தொடரின் ஓர் அத்தியாயத்தில் மளிகைக்கடைக்காரர் ரிட்டராக வந்தார். 1959 முதல் 'ராக்கி அண்ட் ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ்' கார்ட்டூனில் தேவதைக் கதைகளைக் கோணலாக்கிச் சொல்லும் பகுதிக்குக் கதைசொல்லியின் குரல் அவருடையது. அமெரிக்காவில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் முகம் தெரியாமலே அந்தக் குரலோடு வளர்ந்தார்கள். எழுபதைத் தாண்டியும் குரலில் பழைய தடுமாற்றம் அளவு மாறாமல் இருக்கிறது.

1960-களில் 'எஃப் ட்ரூப்' தொடரில் ரோரிங் சிக்கன், 'பேட்மேன்' தொடரில் சீஃப் ஸ்க்ரீமிங் சிக்கன் என்று பூர்வகுடித் தலைவர் வேடங்களும் செய்தார். வெள்ளை நடிகர்களுக்குச் சாயம் பூசிப் பூர்வகுடிகளைக் கேலிப்பொருளாக்கிய வேடங்கள் அவை. இன்று பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது, அவற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை. 'இட்ஸ் எ மேட் மேட் மேட் மேட் வேர்ல்ட்' (1963) படத்தில் இரும்புக்கடை முதலாளியாக வருவது கொஞ்ச நேரம்தான். கடைசிப் படம் 'கோல்ட் டர்க்கி', அவர் இறந்தபின் 1971-இல் வெளியானது. சிகரெட் நிறுவன அதிபராக, ஒரு வசனமும் இல்லாமல் நடித்திருக்கிறார். 4-ஆம் விடையில் சொன்ன முகவேலை தனியாக நின்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க அது நல்ல இடம்.

14. எப்பவும் பெண்மை கலந்த மாதிரி, கல்யாணமே வேண்டாம்கிற மாதிரி நடிக்கிறாரே, அது வேணும்னே செய்றதா?

ஸ்டூடியோக்கள் வேண்டுமென்றே எழுதியவைதான். 1934 நடுவில் தணிக்கை விதிகள் கண்டிப்பானபின் ஒருபால் விருப்பத்தை வெளிப்படையாகக் காட்ட முடியாது. சொல்லாமல் சொல்ல ஹார்ட்டன், ப்ளோர், பாங்போர்ன் போன்றவர்களின் வேடங்களைப் பயன்படுத்தினார்கள் என்று சினிமா ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஹொரேஸும் பேட்ஸும் சண்டைபோடும் காட்சிகளுக்கு இன்னொரு சுவை கிடைக்கிறது. ஹார்ட்டன் திருமணம் செய்துகொள்ளவில்லை. இந்த வேடங்களைப் புரிந்துகொள்ள அதற்குமேல் அவருடைய அந்தரங்கத்தில் நாம் நுழையத் தேவையில்லை.

15. எழுத்தாளர் எட்வர்ட் எவரெட் ஹேலோட பேரனாமே? அப்புறம் ஃபிட்ஸ்ஜெரால்ட் இவர் வீட்டுல குடியிருந்தாராமே?

முதலாவது தவறு, பல இடங்களில் அச்சாகிப் பரவிவிட்டது. பெயர் ஒற்றுமையில் கிளம்பிய கதை அது. எட்வர்ட் எவரெட் ஹார்ட்டன் என்பது அவருடைய அப்பாவின் பெயரும்கூட. அம்மா இசபெல்லா, ஸ்காட்லாந்திலிருந்து வந்த குடும்பத்தில் கியூபாவில் பிறந்தவர்.

இரண்டாவது உண்மை. லாஸ் ஏஞ்சலஸின் என்சினோ பகுதியில் ஹார்ட்டனுக்குப் பெரிய தோட்டம் இருந்தது. 1938-இலிருந்து 1940 வரை அங்கிருந்த ஒரு வீட்டில் எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் வாடகைக்கு இருந்தார். ஹாலிவுட்டைப் பற்றிய தன் கடைசி நாவலில் வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. பின்னாளில் வென்ச்சுரா நெடுஞ்சாலைக்காகத் தோட்டத்தின் ஒரு பகுதியை அரசு எடுத்துக்கொண்டது. அங்கே ஒரு சிறு தெருவுக்கு இன்றும் எட்வர்ட் எவரெட் ஹார்ட்டன் லேன் என்றுதான் பெயர்.